ஒரே கூரையின் கீழ் பிரிந்தவர்கள்

எங்கள் மேசையை எடுத்துவிட்டார்களாம். சென்ற வாரம் ஆதிரா தொலைபேசியில் சொன்னாள். சிட்னியின் மேற்குப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் மாணவர்களுக்கான பண உதவி ஆலோசகராக நான் இருந்த இடத்தில் இப்போது அவள் இருக்கிறாள். இனி மாணவர்கள் நேரில் வரத் தேவையில்லை. திரையில் ஒரு சிறு பெட்டி திறக்கும். கேள்வியைத் தட்டினால் பதில் வரும். அந்தப் பெட்டி முதலில் என்ன கேட்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் பொறுப்பு ஆதிராவின் தலையில் விழுந்திருக்கிறது.

"அன்ரி, பேரன்ட்ஸ் டிவோர்ஸ் ஆன கேஸ்தான் கஷ்டமா இருக்கு. நீங்க எப்பிடித் தொடங்குவீங்க?" என்று கேட்டாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அன்று முதல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தேத்தண்ணீரைப் போட்டுவிட்டு ஆற விடுகிறேன். தோட்டத்துக்குப் போய், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்பி வருகிறேன். "நீ வேலையை விட்டாலும் வேலை உன்னை விடேல்லை," என்கிறார் என் கணவர். ஆதிரா கேட்டது ஒரு கேள்வி. எனக்கு நினைவுக்கு வந்தது ஒரு குடும்பம். எழுதித்தான் இறக்கி வைக்க வேண்டும் என்று தோன்றியது. அந்தக் குடும்பத்துப் பெண்களிடம் கேட்டேன். பெயர்களை மாற்றினால் எழுதலாம் என்றார்கள். மாற்றியிருக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் படிப்பைப் பாதியில் விட்டு இந்த நாட்டுக்கு வந்ததையும், பகலில் முதியோர் இல்லத்தில் வேலை, மாலையில் சமூகப்பணிப் படிப்பு என்று ஓடியதையும் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. என்னோடு வந்த எல்லோரும் அப்படித்தான் ஓடினார்கள். வேலையை நான் கற்றது கறோலிடம்.

கறோல் எங்கள் பகுதியின் தலைவி. நெட்டையான அவுஸ்திரேலியப் பெண்மணி, வெள்ளை முடியைக் கட்டையாக வெட்டியிருப்பார். சிரிப்பதற்கு அவசரப்படமாட்டார். மேசையில் கண்ணீர் துடைக்கும் கடதாசிப் பெட்டியை வைக்க விடமாட்டார். அதைக் கண்டால் பிள்ளைகள் தாங்கள் அழ வேண்டும் என்று நினைத்துக்கொள்வார்கள் என்பார். அது மேசையின் இழுப்பறையில், லாச்சிக்குள், இருக்கும். விண்ணப்பத்தை வைத்துப் பேச்சைத் தொடங்குவதும் அவருக்குப் பிடிக்காது. பிள்ளை வந்து உட்கார்ந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "நேற்று இரவு எங்கே சாப்பிட்டாய்?"

முதல் தடவை அதைக் கேட்டபோது உபசாரம் என்று நினைத்தேன். அது விசாரணை என்று பிறகுதான் புரிந்தது. இங்கே படிக்கும் பிள்ளைக்கு அரசாங்கம் வாழ்க்கைச் செலவுக்கு உதவிப்பணம் கொடுக்கும். ஆனால் இருபத்திரண்டு வயது வரை பெரும்பாலும் பெற்றோரின் வருமானத்தைப் பார்த்துத்தான் கொடுக்கும். பெற்றோர் பிரிந்திருந்தால், பிள்ளை யாரோடு வாழ்கிறதோ அவருடைய வருமானம் மட்டும் கணக்கில் வரும். அவர் வேறு ஒருவரோடு சேர்ந்து வாழ்ந்தால் அந்தப் புதியவரின் வருமானமும் சேர்ந்துவிடும். பிள்ளை எந்த வீட்டில் சாப்பிடுகிறது, யார் வீட்டில் உடுப்புத் தோய்க்கிறது, கடைசி ரயிலைத் தவறவிட்டால் யாரைக் கூப்பிடுகிறது என்று கேட்டால்தான் அது யாருடைய பிள்ளை என்று அரசாங்கத்துக்குச் சொல்லலாம்.

ஸ்ட்ராத்ஃபீல்டிலிருந்து வந்த ஒரு பையனை மறக்க முடியாது. தகப்பன் மெல்பேர்னில், கிரெய்கிபர்ன் பக்கம். தாய் இங்கே மறுமணம் செய்திருந்தார். அந்தப் புதுக் கணவரின் சம்பளத்தால் பையனுக்கு உதவிப்பணம் கிடைக்கவில்லை. "அந்த மனுசன் எனக்கு ஒரு சப்பாத்துக்கூட வாங்கித் தந்ததில்லை. அவரின்ர சம்பளத்தை ஏன் பாக்கினம்?" என்று என்னிடம் தமிழில் கத்தினான். நான் கறோலுக்கு மொழிபெயர்த்தேன். "நியாயமான கேள்வி," என்றார் அவர். "சட்டத்திடம் அதற்குப் பதில் இல்லை." பிறகு எழுந்து, "வா, நடப்போம்," என்று அவனைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார். வளாகத்தின் நடுவில் ஒரு சிறு குளம் உண்டு. அதைச் சுற்றி நடந்து திரும்பும்போது, பல்கலைக்கழகத்தின் சொந்த நிதியிலிருந்து அவனுக்கு எதை வாங்கிக் கொடுக்கலாம் என்று கறோல் முடிவு செய்திருந்தார். கதிரையில் உட்கார்ந்து சொல்ல முடியாததைப் பிள்ளைகள் நடந்துகொண்டு சொல்வார்கள் என்பது அவருடைய நம்பிக்கை. எனக்கு அது ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் எனக்கு இருந்துகொண்டு யோசிக்கத் தெரியாது.

தாரணி வந்தது ஓர் இலையுதிர் காலத்தில். தாதியர் படிப்பில் இரண்டாம் ஆண்டு. கதிரையின் நுனியில் இருந்தாள். ஒரு முழங்கால் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது. உதவிப்பணம் மறுக்கப்பட்டிருந்தது. தாய் தகப்பன் இருவருடைய வருமானத்தையும் சேர்த்துப் பார்த்திருந்தார்கள். தகப்பன் துப்புரவு ஒப்பந்தங்கள் எடுத்து நடத்துபவர், நல்ல வரும்படி.

"நேற்று இரவு எங்க பிள்ளை சாப்பிட்டனீர்?" என்று கேட்டேன்.

"கார்ல."

"வேலை முடிஞ்சு வரேக்கயோ?"

"இல்லை அன்ரி. எங்கட வீட்டு வாசல்ல, டிரைவ்வேல."

அவள் யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அப்பா மேல இருக்கிறார். அம்மாவும் நானும் கீழ. அவை ரெண்டு பேரும் பிரிஞ்சிட்டினம். நான் ஸ்கூல்ல இருக்கேக்கயே. ஆனா ஒருத்தருக்கும் தெரியாது. நான் குசினியில இருந்து சாப்பிட்டா அப்பா படியில நிண்டு பாத்திட்டுப் போவார். மேல கொண்டு போனா அம்மா ஒண்டும் சொல்லமாட்டா, ஆனா லைட்டை நிப்பாட்டிட்டுப் படுத்திடுவா. கார்தான் ஈஸி."

"அம்மா எங்க சாப்பிடுறவா?"

"மாமி வீட்டில. ரெண்டு தெரு தள்ளி. எங்கட அடுப்பு பழுது எண்டு மாமிக்குச் சொல்லி வச்சிருக்கிறா. அங்க போய்ச் சமைச்சு, அங்கயே சாப்பிட்டு, எனக்குக் கொண்டு வருவா."

மாமி என்றால் தகப்பனுடைய அக்கா.

தகப்பனிடம் கேட்க முடியாதா என்றேன். கேட்டிருக்கிறாள். வீடு தந்திருக்கிறேன், வேறென்ன வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அவள் ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலை செய்து சமாளித்து வந்தாள். இனி அதுவும் முடியாது. மருத்துவமனைப் பயிற்சி தொடங்குகிறது. நாட்டுப்புற ஊர் ஒன்றில், முழு நேரமாக, சம்பளம் இல்லாமல். தங்குவதற்கும் அவளே பார்த்துக்கொள்ள வேண்டும். குறிப்பிட்ட திகதிக்கு முன்னால் படிப்பை விட்டால் கட்டணக் கடன் ஏறாது. விட்டுவிடப் போகிறேன் என்று சொல்லத்தான் வந்திருந்தாள்.

"இட்ஸ் ஃபைன், அன்ரி," என்றாள். முழங்கால் ஆடுவது நிற்கவில்லை.

சட்டத்தில் இதற்கும் இடம் உண்டு. ஒரே கூரையின் கீழ் பிரிந்து வாழ்பவர்கள் என்று ஒரு பிரிவு. கட்டில் வேறு, சமையல் வேறு, கணக்கு வேறு, வெளியில் தம்பதியாகப் போவதில்லை என்று காட்ட வேண்டும். அதைவிட முக்கியமாக, வீட்டுக்கு வெளியே உள்ள, அவர்களை நன்கு தெரிந்த ஒருவர், ஓம் இவர்கள் பிரிந்தவர்கள்தான் என்று கையெழுத்து வைக்க வேண்டும். ஊருக்குத் தெரியாமல் பிரிந்தவர்களிடம் சட்டம் ஊரிலிருந்து ஒரு சாட்சியைக் கேட்டது.

கறோல் அவளைக் குளத்தைச் சுற்றி நடத்தினார். நானும் கூடப் போனேன். "வேறு யாருக்குத் தெரியும்?" என்று கறோல் கேட்டார். ஒருவருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரருக்கு? அவர்கள் அண்மையில்தான் வந்தவர்கள். மாமிக்கு? தாரணி நின்றுவிட்டாள். "மாமிக்குத் தெரிஞ்சா முடிஞ்சுது. அப்பாவைத் தூக்கி வளர்த்தது அவதான்."

அம்மாவை ஒருமுறை வரச் சொல்லும் என்றேன். தலையை ஆட்டினாள். "அம்மா வரமாட்டா. இங்க ஒரு தமிழ் ஆள் வேலை செய்யிறா எண்டு அவவுக்குத் தெரியும்."

அந்தத் தமிழ் ஆள் நான்தான்.

எனக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. பெயரைப் பார்த்ததுமே அவளுடைய தகப்பனை அடையாளம் கண்டுகொண்டேன். என் பிள்ளைகள் படித்த வார இறுதித் தமிழ்ப் பாடசாலையின் பொருளாளர் சிவநேசன். இதைக் கறோலிடம் உடனே சொன்னேன். அவர் கோப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "கடிதங்களை நான் எழுதுகிறேன். பிள்ளை உன்னோடு பேச விரும்பினால் பேசட்டும். தாயை நீ கூப்பிடக் கூடாது. பிள்ளை சொல்லாமல் ஒரு அடியும் வைக்கக் கூடாது." தாயோடு தமிழில் நான்கு வார்த்தை பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்குள் துடித்தது. திகதி நெருங்கிக்கொண்டிருந்தது. தொலைபேசியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை பாடசாலைப் பரிசளிப்பு விழா. சிவநேசனும் கௌரியும் ஒரே காரில் வந்து இறங்கினார்கள். கௌரிதான் தாரணியின் தாய். பட்டுச் சேலை, தலையில் பூ. மேடையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று சின்னப் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுத்தார்கள். சிவநேசன் எடுத்து நீட்ட, அவர் முகத்தைப் பார்க்காமலே கௌரி வாங்கிப் பிள்ளையின் கையில் வைத்தார். ஒருமுறைகூடப் பிசகவில்லை.

"நல்ல சோடி. பார், கண்ணாலயே கதைக்கினம்," என்றார் என் கணவர்.

எனக்கு அந்த மண்டபத்தில் இருக்க முடியவில்லை. எழுந்து கார் தரிப்பிடத்தில் நடந்தேன். அவர்கள் நடிக்கிறார்கள் என்று கோபம் வரவில்லை. இவ்வளவு கவனமாகக் கட்டி வைத்திருப்பதை உடைக்கச் சொல்லத்தானே நாங்கள் காத்திருக்கிறோம் என்பதுதான் உறுத்தியது. உடைக்காவிட்டால் பிள்ளையின் படிப்பு போய்விடும்.

அடுத்த வாரம் கௌரி வந்தார். தாரணி எப்படிச் சம்மதிக்க வைத்தாளோ தெரியாது. கறோல் வழக்கம் போல எழுந்து நின்று வரவேற்றார். பெற்றோர் யார் வந்தாலும் அவர் எழுந்து நிற்பார். கௌரி என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றார். மகளிடம் எதையோ முணுமுணுத்தார்.

"ஸொறி அன்ரி," என்றாள் தாரணி. "அம்மா உங்களை வெளியில இருக்கச் சொல்லுறா."

நான் வெளியே வந்தேன். உள்ளே கறோல் தொலைபேசி மூலம் ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டார். கதவு சாத்தும் முன் அந்தக் குரலைக் கேட்டேன். எங்கோ இருந்து பேசும் இந்தியத் தமிழ்ப் பெண். "ஆமா, சொல்லுங்கம்மா, நான் கேட்டுட்டுதான் இருக்கேன்." முகம் தெரியாத அந்தக் குரலிடம் கௌரி தன் கதையைச் சொன்னார். நான் நடைபாதையில் அங்குமிங்கும் நடந்தேன். கொஞ்சம் வலித்தது. ஆனால் அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் அந்தக் குரலைத்தான் தேர்ந்தெடுத்திருப்பேன்.

வெளியே வந்தபோது அவருடைய கண்கள் சிவந்திருந்தன. மகளை முன்னால் போகச் சொல்லிவிட்டு என்னிடம் வந்தார்.

"உங்களுக்கும் எல்லாம் தெரியுமெல்லோ?"

"இங்க கேட்டதை இங்கயே விட்டிட்டுத்தான் வீட்டை போறனான்."

"கோயில்ல என்னைக் கண்டால்?"

"வணக்கம் சொல்லுவன். எப்பவும் போல."

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஆரின்ரயாவது கையெழுத்து வேணுமாம். எனக்கு ஆர் இருக்கினம்? அவரின்ர அக்காட்ட கேக்கவோ?"

ஓம் கேளுங்கோ என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் இப்படியான இடத்தில் வழி காட்டக் கூடாது என்பது கறோலின் கண்டிப்பான பாடம். உடைந்தால் அவர்கள்தான் அந்த வீட்டில் வாழப் போகிறார்கள். நாங்கள் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவோம். "கேட்டால் என்ன நடக்கும் எண்டு உங்களுக்குத்தான் தெரியும், கௌரி," என்றேன்.

அவர் போய்விட்டார். நாட்கள் போயின. ஒரு செய்தியும் இல்லை. தாரணி விலகல் விண்ணப்பத்தைத் தரவிறக்கி வைத்திருப்பதாகக் கறோலிடம் சொல்லியிருந்தாள். சொல்லியிருக்கலாமோ என்று எனக்கு ஒரு பக்கம். சொல்லாதது நல்லது என்று இன்னொரு பக்கம். இரவில் கணவர் "ஏன் புரளுறாய்?" என்று கேட்டால், முதுகு வலி என்பேன்.

பிறகு ஒரு காலை கறோல் என்னை உள்ளே கூப்பிட்டார். கௌரி இருந்தார். பக்கத்தில் வெள்ளைச் சப்பாத்தும் கம்பளிச் சட்டையும் போட்ட, குள்ளமான, பருத்த ஒரு பெண். மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தார். மலர் அக்கா. சிவநேசனின் அக்கா. தமிழ் ஆள் இருந்தால் நல்லது என்று இந்த முறை கௌரியே கேட்டாராம்.

"நான் அவன்ர அக்கா," என்றார் என்னைப் பார்த்து. "அம்மா செத்தாப் பிறகு அவனைக் குளிக்க வார்த்து, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினது நான். அவனுக்கு எதிரா எழுத வரேல்லை. பிள்ளைக்காக எழுத வந்தனான். அதை முதல்ல இந்த மனுசிக்குச் சொல்லுங்கோ."

சொன்னேன். கறோல் தலையசைத்தார்.

சாட்சி நிரப்ப வேண்டிய பத்திரத்தில் ஒரு கேள்வி உண்டு. இவர்கள் பிரிந்து வாழ்வது உங்களுக்கு எப்படித் தெரியும்? கறோல் அதை வாசித்தார். நான் தமிழில் சொன்னேன். கௌரி குனிந்திருந்தார்.

"எப்பிடித் தெரியுமோ?" மலர் அக்கா கௌரியின் பக்கம் திரும்பினார். "மூண்டு வருஷமா ஒரு அடுப்பு பழுதா இருக்குமோ? என்ர குசினியில நிண்டு சமைக்கேக்க நான் ஒருநாளாவது கேட்டனானோ? கேட்டால் நீ வாறதை நிப்பாட்டிப் போடுவாய் எண்டுதான் கேக்கேல்லை."

கௌரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கறோல் லாச்சியைத் திறந்தார். நான் மொழிபெயர்க்க வேண்டும். கறோல் காத்திருந்தார். அவசரப்படவில்லை.

மலர் அக்கா தன் கையாலேயே எழுதினார். இந்த நாட்டில் முப்பது வருடம் தொழிற்சாலையில் வேலை செய்த ஆங்கிலம். பெரிய பெரிய எழுத்துகள். என் தம்பியும் அவன் மனைவியும் கணவன் மனைவியாக வாழவில்லை. எனக்குத் தெரியும், ஏனென்றால் அவள் என் வீட்டில் சமைக்கிறாள். என் தம்பி கெட்டவன் இல்லை. அந்தக் கடைசி வரி தேவையில்லை என்று நான் சொல்லப் போனேன். கறோல் கையை உயர்த்தித் தடுத்தார். "அது இருக்கட்டும்."

திகதிக்கு முன்னால் எல்லாம் போய்ச் சேர்ந்தது. முடிவு வரும்வரை பல்கலைக்கழக நிதியிலிருந்து கறோல் ஒரு தொகையை ஒழுங்கு செய்தார். தாரணி பயிற்சிக்குப் போனாள். அவள் அங்கே இருக்கும்போது உதவிப்பணமும் கிடைத்தது.

இங்கே வீடு கலைந்தது. உதவிப்பணம் கொடுக்கும் அரசாங்க அலுவலகம் சிவநேசனையும் விசாரித்திருக்கிறது. அடுத்த சனிக்கிழமை பாடசாலை வாசலில் என்னை மறித்தார்.

"சாந்தா அக்கா, உங்கட ஒஃபிஸிலதானே நடந்தது?"

"நான் அதைப் பற்றிக் கதைக்கேலாது, தம்பி."

"நான் கடன் கட்டுற வீட்டில இருந்துகொண்டு என்ர பிள்ளை அரசாங்கத்திட்ட பிச்சை கேக்குதோ? நான் செத்துப் போனனோ?" வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துக் குரலைத் தணித்தார். "வீட்டை வித்தா அவையள் நடுத்தெருவில எண்டுதானே நான் இவ்வளவு நாளும் பல்லைக் கடிச்சுக்கொண்டு மேல இருந்தனான். அது ஒருத்தருக்கும் விளங்காது. அக்காவும் போய் எழுதிக் குடுத்திட்டா."

அதுவரை அவரைப் பிள்ளைக்குக் கொடுக்காத தகப்பனாக மட்டுமே பார்த்திருந்தேன். அந்த மேல் அறையில் அவரும் தனியாகத்தான் சாப்பிட்டிருப்பார். அன்று பாடசாலைக் கூட்டத்தில் அவர் மண்டபத்தின் கடைசி வரிசையில் இருந்தார். அடுத்த தவணையில் பொருளாளர் வேறு ஒருவர்.

வீட்டை விற்றார்கள். விவாகரத்தும் முடிந்தது. சிவநேசன் தனியாக ஓர் அடுக்குமாடியில் குடியேறினார். கௌரி போனது எங்கே என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். மலர் அக்காவின் வீட்டுக்கு. கணவனை விட்டுவிட்டுக் கணவனின் அக்காவோடு போய் இருக்கிறாளே என்று எங்கள் ஆட்கள் நிறைந்த பென்டில் ஹில் பகுதி முழுக்கக் கதைத்தது. கொஞ்ச நாளில் அதுவும் ஓய்ந்தது. தாரணி படிப்பை முடித்து, பயிற்சி பெற்ற அதே நாட்டுப்புற மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தாள். சிட்னிக்கு வந்தால் இரண்டு இடத்துக்கும் போகிறாளாம். கறோல் ஓய்வு பெற்று வடக்கே கடற்கரைப் பக்கம் போனார். சில வருடங்களில் நானும் வீட்டுக்கு வந்தேன்.

இதை எழுதலாமா என்று கேட்பதற்காகத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை பென்டில் ஹில்லுக்குப் போனேன். மலர் அக்காவையும் கௌரியையும் சாமான் கடையிலேயே கண்டேன். கௌரி மரக்கறி தெரிவு செய்துகொண்டிருந்தார். மலர் அக்கா பைகளோடு வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தார். இப்போது அவருக்கு நடப்பது கஷ்டம்.

"எழுதுங்கோ," என்றார். "பேரை மட்டும் போடாதேங்கோ. அவன் படிப்பான்."

"தம்பி கதைக்கிறவரோ?"

"கன நாள் கதைக்கேல்லை. இப்ப ஞாயிற்றுக்கிழமையில வருவான். வீட்டுக்குள்ள வரமாட்டான். ஆரும் கேட்டால் அவசரம் எண்டு சொல்ல வேணுமெண்டு எஞ்சினை ஓட விட்டுக்கொண்டு கார்லயே இருப்பான். நான் போய்ப் பக்கத்தில இருப்பன். ரெண்டு நிமிஷம். பிறகு போயிடுவான். உள்ள வா எண்டு நான் கூப்பிடுறேல்லை, அவள் இருக்கிறாள். போ எண்டும் சொல்லுறேல்லை, என்ர தம்பி."

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு வெள்ளைக் கார் தெருவோரமாக வந்து நின்றது. அக்காவை வீட்டில் காணாமல் கடைப் பக்கம் தேடி வந்திருக்க வேண்டும். மலர் அக்கா பைகளை என் கையில் தந்துவிட்டு, மெல்ல மெல்ல நடந்து போய் முன் கதவைத் திறந்து ஏறினார். கண்ணாடிக்குப் பின்னால் இருவரும் தெரிந்தார்கள். இருவரும் நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கௌரி கடையிலிருந்து வெளியே வந்தார். காரைக் கண்டார். என் பக்கத்தில் வந்து நின்று ஒரு பையை வாங்கிக்கொண்டார். நான் போக வேண்டும், ரயில் வந்துவிடும், கால் நிற்கவில்லை. ஆனாலும் நின்றேன். கௌரி தலையைச் சரித்து எதையோ உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா," என்றார் என்னிடம், மெதுவாக. "இண்டைக்கு எஞ்சினை நிப்பாட்டிப் போட்டார்."